விமானம் பறக்காத நாளில் விமான நிலையத்தில் என்ன வேலை?

காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: தங்கை மகனுக்குத் திருச்சி விமான நிலையத்தில் கிரவுண்ட் ஹேண்ட்லிங் (தரையில் விமானத்தையும் பயணிகளையும் பெட்டிகளையும் கவனிக்கும்) வேலை கிடைத்திருக்கிறது, ஐப்பசியில் சேரப் போகிறான். புயல், அடைமழை என்றால் விமானமே வராதே, அன்றைக்கு அவனுக்கு என்ன வேலை? ஆபத்து உண்டா? வீட்டிலிருந்தே போய்வர முடியுமா?

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். சாதாரண நாளில் கஷ்டப்பட்டுப் போய்வரலாம். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் முடியாது, முயலவும் கூடாது. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

விமானம் வராவிட்டால் வேலை குறையும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கணக்கு. புயல் நாள் வேலையில் ஒரு பகுதி காற்று வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மீதி மழை விட்ட பிறகு தொடங்கி, சில சமயம் இரண்டு நாள் இழுக்கும். நடுவில் காற்று அடிக்கும் நேரத்தில்தான் ஓரளவு உட்கார முடியும்.

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது என்றாலும் பயணிகள் விமானம் அங்கே வருவதில்லை. ஆகவே நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் திருச்சி, இல்லையென்றால் மதுரை. இரண்டுமே கடற்கரையில் இல்லை. அதனால் புயல் நேராக வந்து மோதுவது அபூர்வம்தான், ஆனால் நடக்காது என்று சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் மேற்கே போனது. திருச்சிக்கு அடிக்கடி வரும் தொல்லை வேறு இரண்டு. ஒன்று, கோடையிலும் ஆவணி, புரட்டாசியிலும் சாயங்காலம் திடீரென்று கட்டும் இடிமழை. இன்னொன்று சென்னையின் வானிலை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலுக்கும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலுக்கும் மூடினார்கள். சென்னை மூடினால் அங்கே இறங்க வேண்டியவை பெங்களூரு, ஹைதராபாத், கோவை, திருச்சி என்று சிதறும். திருச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே புயல் நாள் வேலை வந்து இறங்குவது இப்படித்தான்.

முதலில் காற்றுக்கு முந்தைய வேலை. வானிலை ஆய்வுத் துறையின் புயல் எச்சரிக்கை படிப்படியாக வரும்: சுமார் 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு அறிவிப்பு, 48 மணிக்கு முன் மஞ்சள், 24 மணிக்கு முன் ஆரஞ்சு, கரையேறுவதற்கு 12 மணி நேரம் முன் சிவப்பு. மஞ்சள் வந்தவுடனே ராம்ப்பில், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில், பொருள் எண்ணத் தொடங்கிவிட வேண்டும். எத்தனை டாலி (பெட்டி ஏற்றும் இழுவண்டி), எத்தனை ஸ்டெப் (பயணிகள் ஏறும் படிக்கட்டு வண்டி), எத்தனை பெல்ட் லோடர் (பெட்டிகளை மேலேற்றும் பட்டை வண்டி), எதற்கு பிரேக் பிடிக்கவில்லை என்று பட்டியல் வேண்டும். புயலில் விமானத்தை இடிப்பது பெரும்பாலும் நம்முடைய சொந்தச் சாமான்தான். பிரேக் போடாத காலி டாலி ஒன்று ஈரத் தரையில் உருண்டுபோய் எஞ்சின் மூடியில் மோதினால், அந்த விமானம் அன்றைக்குப் பறக்காது. காலி டாலிகளை ஒன்றோடொன்று கோத்து, வரிசையாக நிறுத்தி, கடைசி வண்டிக்குக் கட்டை வைத்து, முடிந்தால் சங்கிலியும் போட வேண்டும். காலி அலுமினியக் கன்டெய்னர் கனமில்லாதது என்பதால் காற்றில் நடக்கும். அதைத் திறந்த வெளியில் வைக்கவே கூடாது. கோன்களை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். ஸ்டெப்பைக் கீழே இறக்கி, ஜாக்கிகளைத் தரையில் ஊன்ற வேண்டும். ஏரோபிரிட்ஜை (கட்டிடத்திலிருந்து விமானக் கதவுக்கு நீளும் நடைபாலம்) முழுக்கச் சுருக்கி, தாழ்த்தி, அதன் நிறுத்தக் கட்டத்துக்குள் கொண்டுவந்து பூட்ட வேண்டும்.

நிறுத்தி வைத்த விமானத்துக்கு முக்கியம் சாக், அதாவது சக்கரத்துக்கு முட்டு வைக்கும் கட்டை. பார்க்கிங் பிரேக் போட்டிருக்கிறதே என்று நம்பக் கூடாது. எஞ்சின் ஓடாமல் பல மணி நேரம் நின்றால் பிரேக்கில் இருக்கும் ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கிவிடும். அதற்குப் பிறகு விமானத்தைப் பிடித்து வைத்திருப்பது சாக் மட்டும்தான். பல கையேடுகளில் 25 நாட், அதாவது மணிக்கு 46 கி.மீ. காற்றைத் தாண்டும் என்றாலே கூடுதல் சாக் கேட்பார்கள். மூக்குச் சக்கரத்துக்கும் இரு பக்கப் பிரதான சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் இறுக்கி வைக்க வேண்டும். ஈரமான கான்கிரீட்டில் மரச் சாக் வழுக்கும், ரப்பர்தான் நல்லது. பக்கவாட்டுக் காற்றில் விமானத்தின் செங்குத்து வால் பாய்மரம் போல வேலை செய்து வண்டியையே திருப்பப் பார்க்கும். இதனால்தான் வாய்ப்பிருந்தால் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்துவார்கள். ஏ320 ஜெட் விமானம் வெறும் வண்டியாகவே 42 டன் அளவுக்கு வரும். ப்ரொப்பெல்லர் விமானமான ஏடிஆர் 72 அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகையால் ஏடிஆரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் காற்றில் தானாகச் சுற்றாதபடி பட்டை போட்டுக் கட்ட வேண்டும், சரக்கு ஏற்றி இறக்கும்போது பின்பக்கம் முட்டு வைக்க மறக்கக் கூடாது.

கதவுகளுக்கும் கணக்கு உண்டு. ஏ320இல் பயணிகள் கதவைத் திறந்து மூட 65 நாட் வரை அனுமதி. சரக்குக் கதவுக்கு 40 நாட்தான், மூக்கு காற்றை நோக்கி இருந்தாலோ கதவு காற்று மறைவுப் பக்கம் இருந்தாலோ 50 வரை போகலாம். 40 நாட் என்பது மணிக்கு 74 கி.மீ. ‘இரண்டே பெட்டிதான் மிச்சம், ஏற்றிவிடலாம்’ என்று அந்தக் காற்றில் கதவைத் திறப்பவர்கள் உண்டு. கதவின் கீல் வளைந்தால் என்ன செலவாகும் என்பதை அவர்கள் பிறகு எழுதும் அறிக்கையில்தான் தெரிந்துகொள்வார்கள்.

ஆபத்து என்று கேட்டதற்கு என் பதில்: காற்றைவிட மின்னலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். காற்று சொல்லிவிட்டு வரும், மின்னல் சொல்லாது. பொதுவான நடைமுறையில் மின்னல் 8 கி.மீ. வட்டத்துக்குள் வந்தால் எச்சரிக்கை, 5 கி.மீ.க்குள் வந்தால் ராம்ப் வேலையை நிறுத்திவிடுவார்கள். நிலையத்துக்கு நிலையம் எண் சற்று மாறலாம். உத்தரவு வராவிட்டாலும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மின்னல் வெட்டியதிலிருந்து இடிச் சத்தம் கேட்க 3 நொடிக்கு ஒரு கி.மீ. எனவே 15 நொடிக்குள் சத்தம் வந்தால் மின்னல் 5 கி.மீ.க்கு உள்ளே இருக்கிறது.

வேலையை நிறுத்து என்றால் முதலில் நிற்பது எரிபொருள் நிரப்புவது. அடுத்தது ஹெட்செட். புஷ்பேக்கின்போது (விமானத்தை ட்ராக்டரால் பின்னால் தள்ளும்போது) விமானத்தின் மூக்கில் ஒயர் செருகி விமானியோடு பேசுபவர்தான் ராம்ப்பில் மிகவும் ஆபத்தான இடத்தில் நிற்பவர். மின்னல் விமானத்தின் மேல் இறங்கினால் அந்த ஒயர் வழியாக நேராக அவர் காதுக்கு வரும். ஆகவே மின்னல் நேரத்தில் ஒயர் ஹெட்செட் கூடாது. கை சைகையில் முடிக்க வேண்டும், இல்லையென்றால் விமானத்தை அதன் ‘பே’ எனும் நிறுத்துமிடத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டும். மழைக்கு ஒதுங்க இறக்கைக்கு அடியில் நிற்பது புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோருமே செய்வது. அதுதான் மோசமான இடம். விளக்குக் கம்பம், ஸ்டெப், எரிபொருள் வண்டி இவற்றின் பக்கமும் போகக் கூடாது. கட்டிடத்துக்குள் போகலாம், அல்லது முழுக்க மூடிய உலோகக் கூடு உள்ள வண்டிக்குள் உட்காரலாம். திறந்த ட்ராக்டர் அந்தக் கணக்கில் சேராது.

மழைக் கோட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரதிபலிக்கும் மேலங்கிக்கு மேல் சாதா மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டால் பட்டை மறைந்துவிடும். இரவில் கொட்டும் மழையில் ட்ராக்டர் ஓட்டுபவருக்கு ஆள் இருப்பதே தெரியாது. பட்டை வைத்த மழைக் கோட்டுதான் வேண்டும், இல்லாவிட்டால் மேலங்கியைக் கோட்டுக்கு வெளியே போட வேண்டும். தலைமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். மூடியோடு நடப்பவர் கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பார்த்துப் பழக வேண்டும். குடை ராம்ப்புக்குள் வரவே கூடாது. எஞ்சின் உறிஞ்சும், காற்று பறிக்கும். விமானத்தின் சிவப்புப் பீக்கன் விளக்கு அணையும் வரை கிட்டே போகக் கூடாது என்ற விதி எல்லா நாளுக்கும் பொருந்தும் என்றாலும், மழை இரைச்சலில் எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று காதை நம்ப முடியாது என்பதால் அன்றைக்கு விளக்கை மட்டுமே நம்ப வேண்டும்.

அடுத்தது டைவர்ஷன், அதாவது இறங்க வேண்டிய ஊரை விட்டு விமானத்தை வேறு ஊருக்குத் திருப்புவது. சென்னைக்கு மேல் வட்டமடிக்கும் விமானங்கள் ஏறத்தாழ ஒரே அளவு உபரி எரிபொருளோடுதான் இருக்கும். மாற்று நிலையத்துக்குப் போகத் தேவையானது, அதற்கு மேல் 30 நிமிடக் கடைசிக் கையிருப்பு, இவற்றைத் தொடும் முன் கிளம்பியாக வேண்டும். ஆகவே எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் முடிவெடுப்பார்கள். ஒன்று வந்து இருபது நிமிடம் ஆவதற்குள் வரிசையாக நாலைந்து வந்து நிற்கும். அப்போது பேயும் ஆளும் போதாது, ஸ்டெப்பும் போதாது. எந்த வகை விமானம் என்பதை முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் விமானத்தை ட்ராக்டரோடு இணைக்கும் டோபார் வகைக்கு வகை மாறும். பெரிய விமானம் வந்து அதற்கான டோபாரோ உயரமான ஸ்டெப்போ இல்லையென்றால், பின்னால் தள்ள முடியாத பேயில் அதை நிறுத்தி மாட்டிக்கொள்ளக் கூடாது.

டைவர்ட் ஆன விமானத்துக்கு வேண்டியவை எரிபொருள், கழிவறைச் சுத்தம், குடிநீர், தரை மின்சாரம், புது ஃப்ளைட் ப்ளான், புது லோட் ஷீட் (எடைக் கணக்குத் தாள்). இதில் கழிவறையும் குடிநீரும்தான் மறக்கப்படும். 180 பேர் மூன்று மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் சண்டை அங்கேதான் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வந்த விமானம் என்றால் பயணிகளை இஷ்டத்துக்கு இறக்க முடியாது. குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் சொல்லி ஆள் வர வேண்டும். உள்நாட்டு விமானத்தில் ஒருவர் ‘நான் இங்கேயே இறங்கிப் புதுக்கோட்டைக்குப் போய்க்கொள்கிறேன்’ என்றால் கேட்க எளிது. ஆனால் அவருடைய செக்-இன் பெட்டி விமானத்தில் இருந்தால் அதைத் தேடி இறக்காமல் விமானம் கிளம்பக் கூடாது, அது பாதுகாப்பு விதி. பெட்டி எந்த அடுக்கின் அடியில் இருக்கிறதோ யாருக்குத் தெரியும், அரை மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். ஆகையால் இறங்குகிறவர்கள் யார் யார் என்பதை ஒரே தடவையில் கேட்டு முடிக்க வேண்டும். ஒருவர் இறங்கி, பெட்டி எடுத்து, கதவு மூடிய பிறகு இன்னொருவர் எழுந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

கவுன்ட்டர் பக்கம் வேலை இதற்குச் சளைத்தது இல்லை. இந்திய விதிப்படி 2½ மணி நேரம் வரை பறக்கும் விமானம் 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும். 2½ முதல் 5 மணி நேரம் பறப்பவற்றுக்கு அது 3 மணி நேரத் தாமதம், அதற்கு மேல் என்றால் 4. திருச்சி–சென்னை முதல் வகை, திருச்சி–துபாய் இரண்டாம் வகை. வானிலையால் ரத்து என்றால் இழப்பீடு கிடையாது. மாற்று விமானம் அல்லது கட்டணம் திரும்பப் பெறுவது உண்டு. இந்த வேறுபாட்டை கவுன்ட்டரில் நிற்பவர் தெளிவாக, ஒரே மாதிரி, எல்லாரிடமும் சொல்ல வேண்டும். ஒருவரிடம் ‘ஓட்டல் தருவோம்’ என்றும் அடுத்தவரிடம் ‘தெரியவில்லை’ என்றும் சொன்னால் வரிசை கூட்டமாகிவிடும்.

‘இன்னும் அரை மணி நேரம்’ என்று நாலு தடவை சொல்வதைவிட மோசமான அறிவிப்பு இல்லை. ‘அடுத்த தகவல் 10.30க்கு’ என்று சொல்லி, புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் 10.30க்கு வந்து சொன்னாலே பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். நம் ஊர்ப் பயணிகளுக்கு இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ ஒருவரை அனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் வருவார்கள், இறக்கிவிட்டு வேன் திரும்பிவிடும். ராத்திரி பன்னிரண்டுக்கு ரத்து என்று அறிவித்தால் அந்த வேன் திருமயம் தாண்டியிருக்கும். ரத்தாகும் வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்த நிமிடமே ‘வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள் ஆச்சி’ என்று ஒரு வார்த்தை சொல்வது விதிப் புத்தகத்தில் இல்லை, ஆனால் சொல்ல வேண்டும். வயதானவர்களிடம் மருந்து செக்-இன் பெட்டிக்குள் போய்விட்டதா என்றும் கேட்க வேண்டும். இன்சுலின் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் இரவு நீளும்.

ரத்து என்று முடிவானால் பயணிகளை அப்படியே வெளியே அனுப்ப முடியாது. பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே இருப்பவர்களைப் பெயர்ப் பட்டியலோடு, பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். பதிவேட்டில் எழுதி, நிறுவன ஊழியர் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையை ரத்து செய்ய வேண்டும், டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். பிறகு பெட்டிகளை இறக்கி பெல்ட்டில் போட வேண்டும். மழையில் நனைந்த அட்டைப் பெட்டி பெல்ட்டுக்கு வருவதற்குள் பிய்ந்து, உள்ளிருக்கும் முறுக்கும் சீடையும் வெளியே வரும். டாலிக்குத் தார்ப்பாய் போடுவது இதற்காகத்தான், காற்றில் பறக்காமல் நாலு மூலையும் கட்டியிருக்க வேண்டும். டேக் நனைந்து கிழிந்தால் பெட்டி யாருடையது என்பதே தெரியாமல் போகும்.

மின்சாரமோ கணினியோ போனால் கையால் எழுத வேண்டியதுதான். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கக் கணினிகள் முடங்கியபோது இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காற்று வரும் முன்பே பயணிகள் பட்டியலை அச்செடுத்து, வெற்று போர்டிங் பாஸ், கையால் எழுதும் பேக் டேக் கட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தால் போதும்.

வானம் வெளுத்த பிறகும் விமானம் ஏன் கிளம்பவில்லை என்று பயணி கேட்பார். பதில் பெரும்பாலும் க்ரூ. விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் பணி என்று உச்சவரம்பு உண்டு. வட்டமடித்தது, டைவர்ட் ஆனது, தரையில் காத்திருந்தது எல்லாம் அந்தக் கணக்கில் ஓடும். நேரம் முடிந்தால் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அவர்கள் பறக்க முடியாது. மாற்று க்ரூ சென்னையில் இருப்பார்கள், சென்னையிலிருந்து வர விமானம் இல்லை. விமானங்களும் அப்படியே ஊருக்கு ஊர் தவறான இடத்தில் கிடக்கும். ‘வானிலை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல் இதை விளக்கினால் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம்.

ராம்ப்பில் திரும்ப வேலை தொடங்கும் முன் தரையைக் கால்நடையாகப் பார்க்க வேண்டும். தகரத் துண்டு, கிளை, பிளாஸ்டிக் பட்டை, யாரோ விட்ட தார்ப்பாய்க் கயிறு எல்லாம் எஞ்சினுக்கு எமன். ஓடுதளத்தில் தண்ணீர் 3 மி.மீ.க்கு மேல் தேங்கியிருக்கிறதா என்று நிலையத்தார் மூன்று பகுதியாகப் பிரித்துப் பார்த்து விமானிக்குச் சொல்வார்கள். அது அவர்கள் வேலை. நம் பக்கம் எரிபொருளைப் பார்க்க வேண்டும். பெருமழைக்குப் பிறகு தொட்டியிலும் எரிபொருள் வண்டியான பவுசரிலும் தண்ணீர் கசிந்திருக்க வாய்ப்புண்டு. மாதிரி எடுத்து, தண்ணீர் காட்டும் மாத்திரையில் உறிஞ்சிப் பார்ப்பார்கள். மஞ்சள் நிறம் பச்சையானால் அந்த எரிபொருள் விமானத்துக்குப் போகாது. நின்றிருந்த விமானத்தின் வேகம் அளக்கும் பிடாட் குழாய் மூடிகளும் எஞ்சின் மூடிகளும் கழற்றப்பட்டனவா என்பது பொறியாளர் பொறுப்பு என்றாலும், புஷ்பேக்குக்கு முன் சுற்றி வருபவரின் கண்ணில் அந்த மூடிகளின் சிவப்பு நாடா பட்டால் வாயைத் திறக்கத் தயங்கக் கூடாது. அவசர நாளில்தான் அது விட்டுப்போகும்.

பனி பற்றி ஒரு வரி: மார்கழி, தை அதிகாலையில் மூடுபனி வந்தால் வேலை எல்லாம் காத்திருப்பதுதான். கருவிகளைக் கொண்டு இறங்கும் சாதாரண முறைக்கு ஓடுதளத்தில் 550 மீட்டராவது தெரிய வேண்டும். போகிப் புகையும் பனியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2018 போகி அன்று சென்னை பார்த்தது.

இப்போது பையனுக்கு. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நல்ல நாளில் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதிகாலை ஷிஃப்டுக்கு அதுவே இடிக்கும். புயல் என்றால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள், வழியில் புளியமரம் விழுந்தால் எந்த வண்டியும் போகாது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடன் முந்தைய நாள் வெளிச்சத்திலேயே திருச்சி போய்ச் சேர்ந்து, அறையிலோ நண்பர்களோடோ தங்கிவிட வேண்டும். அடுத்த ஷிஃப்டு ஆள் வந்து சேரமாட்டார் என்பதால் இவன் ஷிஃப்டு நீளும், அதற்கும் தயாராகப் போக வேண்டும். ஓய்வில்லாமல் ட்ராக்டர் ஓட்டச் சொன்னால் மறுக்கலாம், அதை டூட்டி மேனேஜரிடம் எழுத்தில் சொல்வது நல்லது.

பையில் மாற்று உடை, இரண்டு ஜோடி சாக்ஸ், டார்ச், பவர் பேங்க், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கெடாத சாப்பாடு வேண்டும். கேன்டீனுக்கும் அன்றைக்கு ஆள் வராது, மாவுருண்டை ஒரு டப்பா கொடுத்துவிட்டால் கூட இருப்பவர்களும் வாழ்த்துவார்கள். நுழைவு பாஸைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுச் சட்டைக்குள் மாட்ட வேண்டும். காற்றில் பறந்து தொலைந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், புதியது வரும் வரை ராம்ப்புக்குள் நுழைய முடியாது. பாதுகாப்பு ஷூவை நிறுவனம் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் தரும். ஈரமானால் காய இரண்டு நாள் ஆகும், ஆகவே மழைக்காலம் தொடங்கும் முன் சொந்தச் செலவில் இன்னொரு ஜோடி வாங்கிவிடுங்கள். விரல் முனைக் கவசமும் வழுக்காத அடிப்பாகமும் இருக்க வேண்டும், தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து அளவு எடுக்க வேண்டும்.